ஒழுகும் கூரைக்கு எந்தப் பசை? வன்னி வீடுகளுக்கான ஒரு கணக்கு

ஆவணி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கூரையைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை முள்ளியவளையிலிருந்து ஒரு அக்கா படங்களோடு எழுதியிருந்தார். வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஓட்டு வீடு. பின்னால் தகரம் போட்டு இறக்கிய குசினி. பக்கத்தில் பிளாட் (தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை) போட்ட குளியலறை. மூன்றும் சந்திக்கும் மூலையில் சுவரெல்லாம் ஒழுக்குக் கறை. ஹாட்வெயார் கடைக்குப் போனால் ஐந்து சாமானைக் காட்டினார்களாம்: சிலிக்கோன் ரியூப், பி.யூ. ரியூப், தார் வாளி, வெள்ளி நிற ரேப், வெள்ளைப் பூச்சு. "எதை வாங்கிறது அண்ணை? எல்லாம் ஒட்டும் எண்டுதான் சொல்லினம்" என்று கேட்டிருந்தார்.

எல்லாம் ஒட்டும்தான். எதன்மேல் ஒட்டும், எத்தனை மாரிக்கு நிற்கும், பிறகு கழற்ற முடியுமா என்று கேட்டால்தான் கடைக்காரரும் கொஞ்சம் யோசிப்பார்.

## இத்தனை பசை எங்கிருந்து வந்தது

தொண்ணூறுகளில் வன்னிக்குள் சீமெந்து கொண்டுவரவே தடை. கிடுகுக் கூரை ஒழுகினால் அடுத்த மாரிக்கு முன் வேய்ந்துவிடுவோம், அவ்வளவுதான். 2009 இல் போர் முடிந்த பிறகு தறப்பாள், பிறகு தகரக் கொட்டில், அதன்பின் வீட்டுத்திட்டங்கள். இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் வடக்குக் கிழக்குக்கு ஏறத்தாழ 46,000 வீடுகள்; வீடு ஒன்றுக்கு 550,000 ரூபாய், 550 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு அது காணாது. கையில் காசு வந்த நேரமெல்லாம் ஒரு குசினி, ஒரு விறாந்தை, ஒரு குளியலறை என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனோம். ஓட்டுக்கும் தகரத்துக்கும் இடையில், தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் மூட்டுகள் பெருகின. நம் பக்கத்தில் கூரைப் பசைக்குக் கேள்வி கூடியது புது வீடுகளால் இல்லை, இந்த மூட்டுகளால்தான் என்பது என் எண்ணம்.

வெளிநாடுகளில் கதை வேறு. அங்கே பெரிய கட்டடங்களின் தட்டைக் கூரைகளில் ரப்பர் விரிப்பையும் வெப்பம் தடுக்கும் பலகைகளையும் ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டுகிறார்கள். பசை ட்ரம் கணக்கில் போகிறது. அப்படியான சாமான்களில் சிலதான் கொழும்பு வழியாகச் சின்ன ரியூப்பாக நம்மிடம் வந்து சேருகின்றன. 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இரண்டு மூன்றை வாங்கி அடித்துப் பார்த்துப் பழகுகிற காலம் முடிந்துவிட்டது. ஆகவே முதலில் கணக்கு.

## கடைக்குப் போக முன் கேட்க வேண்டியவை

அந்த மூட்டு அசைகிறதா? கூரை சும்மா கிடப்பதாகத் தோன்றும். ஆனால் 12 அடி இரும்புத் தகரம் விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையில் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் நீளும், பிறகு சுருங்கும். அலுமினியம் என்றால் அதைப்போல இரு மடங்கு. ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது. இறுகிப்போகிற எந்தச் சாமானும் இந்த இழுபறியைத் தாங்காது.

வெயில் நேராக விழுகிறதா? காண்டாவன வெயிலில் கறுத்த தகரத்தில் கை வைக்க முடியாது. 60 பாகை செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும்.

அந்தக் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்கிறீர்களா? சிறுநீரக நோய்ப் பயத்தாலும் உவர் கிணறுகளாலும் மழைநீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் வவுனியாப் பக்கத்திலும் கரையோரத்திலும் உண்டு.

ரியூப் விலையா, அடி விலையா? 300 மில்லிலீற்றர் ரியூப் ஒன்றை 6 மில்லிமீற்றர் அகலம், 6 மில்லிமீற்றர் ஆழத்துக்கு அடித்தால் 8 மீற்றருக்கு மேல் வரும். அதையே 10 க்கு 10 என்று அடித்தால் 3 மீற்றர்தான். வெடிப்பின் அகலத்தை அளக்காமல் "ஒரு ரியூப் காணும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி: நாளைக்கு இதைக் கழற்ற வேண்டி வருமா? வன்னியில் ஒரு தகரம் மூன்று பிறவி எடுக்கும். கூரையாக இருந்தது மாட்டுக்கொட்டிலுக்குப் போகும், பிறகு வேலிக்குப் போகும். 2010 இல் மீள்குடியேறியபோது கிடைத்த தகரங்கள் இன்றும் எத்தனை வளவுகளில் வேலியாக நிற்கின்றன! ஓடும் அப்படித்தான். குரங்கு குதித்து ஒன்று உடைந்தால் அதை மட்டும் இழுத்து மாற்றலாம் என்பதுதான் ஓட்டுக்கூரையின் பெரிய வசதி. பசை அந்த வசதியைப் பறிக்கக்கூடும்.

## சீமெந்துச் சாந்து

இதையும் பசையாகவே எண்ணுங்கள். நம் மேசன்மார் எண்ணுவது அப்படித்தான். முகட்டோட்டை உட்கார வைக்க இது போதும். முகட்டோடு தன் பாரத்தில் இருக்கிறது, அசைவு குறைவு. ஆனால் கெட்டியாகக் கலந்தால் கூடப் பிடிக்கும் என்று சீமெந்தை அள்ளிப்போடுவது பிழை. சீமெந்து கூடக் கூடச் சுருக்கமும் வெடிப்பும் கூடும்.

தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் சாந்து பூசி அடைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. முதல் மாரிக்கு நிற்கும். அடுத்த சித்திரைக்குள் மயிர்க்கோடு போல ஒரு பிளவு விழும். அதன் வழியே போகும் தண்ணீர் சாந்துக்குப் பின்னால் தேங்குவதால், ஒழுக்கு முன்னையைவிட மோசமாகும். மலிவான சாமான்தான். இரண்டாம் முறை மேசனுக்குக் கொடுக்கும் கூலிதான் அதன் உண்மையான விலை.

## சிலிக்கோன்

வெயிலுக்கு இதைவிட நல்லது இந்த வரிசையில் இல்லை. ரப்பர் போல இழுபடும், வருடக்கணக்கில் வரண்டு வெடிக்காது. ஆனால் கடையில் சிலிக்கோன் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று காயும்போது வினாகிரி மணக்கும். அது அசற்றிக் அமிலம். அந்த அமிலம் தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், சீமெந்தோடும் சேராது. கண்ணாடிக்கும் குளியலறை ரைல்ஸுக்கும் மட்டும் அது சரி. மற்றது 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கும், மணம் குறைவு, விலை கொஞ்சம் கூட. கூரைக்கு அது மட்டும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் வீட்டுத் தகரப் பீலியின் மூட்டுக்கு மணக்கிற ரியூப்பைத்தான் அடித்தேன். அடுத்த வருடம் பசை அப்படியே பளபளவென்று இருந்தது. அதன் கீழே பீலியில் வெள்ளைத் தூளும் துருக்கோடும். பசையை பிளேட்டால் சுரண்டி எடுக்க இரண்டு நாள் போனது. சுரண்டிய இடத்தில் பெயின்ற் பிடிக்கவில்லை, வேறு பசையும் பிடிக்கவில்லை. சிலிக்கோனின் மறைந்த செலவு இதுதான்: அது இருந்த இடத்தில் பிறகு வேறு எதுவும் லேசில் ஒட்டாது. பழைய சிலிக்கோன்மேல் புதிய சிலிக்கோனே சரியாக ஒட்டாது.

பொருந்துவது: நிறத்தகட்டுக் கூரையில் குழாய் வெளியே வரும் இடம், பீலி மூட்டு, ஸ்குரூத் தலை. வாசருடன் வரும் ஸ்குரூவின் ரப்பர் செத்திருந்தால் அதன்மேல் சிலிக்கோன் குவிக்கவேண்டாம், ஸ்குரூவையே மாற்றுங்கள். ஸ்குரூ மலிவு.

## பி.யூ. என்னும் பொலியூறித்தேன்

கொங்கிறீற்றையும் செங்கல்லையும் கூரைத் தகட்டையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் நான் கை வைப்பது இதில்தான். பிடி பலம், இழுபடும், மேலே பெயின்ற் அடிக்கலாம். குறை வெயில்தான். பெயின்ற் இல்லாமல் விட்டால் சில வருடத்தில் மேற்பரப்பு சுண்ணாம்பு போல உதிரத் தொடங்கும். ஈரச் சுவரில் அடித்தால் குமிழி வரும், ஏனென்றால் இது ஈரப்பதனோடு சேர்ந்து இறுகும்போது வாயு விடுகிறது. திறந்த ரியூப்பை அடுத்த மாதத்துக்கு வைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம், உள்ளேயே கல்லாகிவிடும். அயலில் இரண்டு மூன்று வீட்டு வேலையை ஒரே நாளில் வைத்துக்கொண்டால் மிச்சம். அடிக்கும்போது கையுறை போடுங்கள்.

இங்கே ஒரு நுட்பம். நம் ஆட்கள் வெடிப்பை அடிவரை நிரப்பினால்தான் பலம் என்று நினைக்கிறார்கள். உண்மை எதிர்மாறானது. பசை இரண்டு பக்கச் சுவரையும்தான் பிடிக்க வேண்டும். அடியையும் பிடித்தால் இழுபட இடமில்லாமல் நடுவில் கிழியும். ஆகவே வெடிப்புக்குள் முதலில் நுரைப்பஞ்சுக் கயிறு ஒன்றைத் திணித்துவிட்டு, அகலத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் பசை அடிக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் அகலத்துக்கு 6 மில்லிமீற்றர் ஆழம். பசையும் மிச்சம், ஆயுளும் கூட.

தகரமும் சுவரும் சந்திக்கும் இடத்தில் பி.யூ. தனியாகவும் நிற்காது. சுவரில் ஒரு அங்குல ஆழத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, மடித்த தகட்டை அதற்குள் செருகித் தகரத்தின்மேல் இறக்க வேண்டும். காடியின் வாயை மட்டும் பி.யூ. அடைக்கட்டும். தண்ணீரைத் திருப்புவது தகட்டின் வேலை.

## தாரும் தார் ரேப்பும்

வாளித் தார் எல்லாவற்றிலும் மலிவு. நம் அப்பாமார் உருக்கி ஊற்றியதும் அதுதான். சாதாரணத் தார் 50 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். தகரமோ 60 ஐத் தாண்டும். மீதியை நீங்களே கணக்குப் பாருங்கள். வைகாசியில் வழியும், மார்கழியில் இறுகி வெடிக்கும். மண்ணெண்ணெய் கலந்து இளக்குபவர்களும் உண்டு. அது பல நாள் காயாமல் பிசுபிசுத்துக் கிடந்து சருகையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

தார் பூசிய கூரைத் தண்ணீரைக் குடிக்கச் சேமிக்க வேண்டாம். தார் பூசிய தகரத்தை இரண்டாம் பிறவிக்கும் அனுப்ப முடியாது, தொடுகிறவர் கையெல்லாம் கறுக்கும். எனக்குத் தாரில் பிடித்த இடம் ஒன்றுதான்: வெயில் படாத இடம். மண்ணுக்குள் போகும் அத்திவாரச் சுவர், மேலே சாந்துத் தளம் போடப்போகும் பிளாட். அங்கே அது ஒரு தலைமுறைக்குக் கிடக்கும்.

வெள்ளி முகம் போட்ட தார் ரேப் கொஞ்சம் மேல். முகத்திலுள்ள அலுமினியத் தாள் வெயிலைத் திருப்பிவிடும். அவசரத்துக்கு, ஒரு மாரியைத் தாண்ட, நல்லது.

## பியூற்றைல் ரேப்

பியூற்றைல் ஒரு வகைச் செயற்கை ரப்பர். கடைத் தட்டில் தார் ரேப்புக்குப் பக்கத்தில், அதே வெள்ளி முகத்தோடு இருக்கும். விலை கூட என்பதால் பலர் தொடுவதில்லை. உறையை வாசியுங்கள், தார் நாற்றம் அடித்தால் அது இது இல்லை. முகத்தாள் இல்லாத இருபக்க ரேப்பாகவும் வரும். இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், நடுவில் அதை வைத்து ஸ்குரூ போட்டு இறுக்கினால் கூரைச் சரிவு குறைந்த இடத்திலும் காற்று ஏற்றும் தண்ணீர் உள்ளே வராது. அது ஒருபோதும் கல்லாக இறுகாது. பத்து வருடம் கழித்து ஸ்குரூவைக் கழற்றினால் தகரம் பிரிந்து வரும். என் ஐந்தாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் சாமான் இது ஒன்றுதான்.

குறை: இருபக்க ரேப்பைக் கூரை போடும்போதே வைக்க வேண்டும். போட்ட கூரைக்குப் பிறகு வைக்க என்றால் தகரத்தைத் தளர்த்த வேண்டும். அந்தக் கூலியும் கணக்கில் வரும்.

## பிளாட்டுக்குப் பூச்சு

இரண்டு வகை. வாளியில் வரும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு வெயிலை நன்றாகத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் ஊதி உரியும். தூளும் பாலுமாக வரும் சீமெந்துப் பூச்சு தேங்கிய தண்ணீரைத் தாங்கும். அடிக்க முன் தளத்தை நனைக்க வேண்டும். ஆகவே முதலில் பூச்சைத் தேடாமல் ஒரு மழைக்குப் பின் பிளாட்டில் ஏறிப் பாருங்கள். தண்ணீர் ஓடிவிடுகிறதா, குளமாக நிற்கிறதா? நின்றால் வாட்டம் போதாது. 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். சரிவைத் திருத்தாமல் அக்ரிலிக் அடிப்பது காசைக் கரைப்பதுதான். வெடிப்பு இருந்தால் முதலில் அதைக் கீறி அகட்டி பி.யூ. அடைத்து, வலைத்துணி வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு.

இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டும் எப்பொக்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லாக இறுகும். பீலியில் விழுந்த ஒற்றை ஓட்டைக்குச் சரி, மூட்டுக்குக் கூடாது.

## ஒரே பார்வையில்

| சாமான் | அசைவு | வெயில் | பிறகு கழற்றல் | சரியான இடம் |
|---|---|---|---|---|
| சீமெந்துச் சாந்து | தாங்காது | தாங்கும் | உடைக்க வேண்டும் | முகட்டோடு |
| நியூட்ரல் சிலிக்கோன் | நன்று | மிக நன்று | பெரும் பாடு | பீலி, குழாய் வாய் |
| பி.யூ. | நன்று | பெயின்ற் வேண்டும் | வெட்டி எடுக்கலாம் | சுவர்க் காடி, பிளாட் வெடிப்பு |
| தார் | கொஞ்சம் | இளகும் | தகரம் வீண் | வெயில் படாத இடம் |
| பியூற்றைல் ரேப் | நன்று | வெள்ளி முகம் வேண்டும் | லேசு | தகர ஏற்றம் |
| அக்ரிலிக் பூச்சு | கொஞ்சம் | நன்று | மேலே மறுபடி அடிக்கலாம் | சரிவுள்ள பிளாட் |
| சீமெந்துப் பூச்சு | குறைவு | நன்று | உடைக்க வேண்டும் | தண்ணீர் நிற்கும் பிளாட் |

## ஓடுகளை ஒட்டலாமா?

குரங்குத் தொல்லையால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1992 ஆம் ஆண்டு அன்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு ஓடுகளை நுரைப் பசையால் ஒட்டும் முறை பரவியது உண்மை. ஆனால் அங்கே ஓட்டுக்குக் கீழே பலகைத் தளமும் அதன்மேல் நீர் புகாத விரிப்பும் இருக்கின்றன. ஓடு அதில் ஒட்டிக் கிடக்கும். நம் ஓடு சலாகையில் கொழுவித் தொங்குகிறது, கீழே வெறும் காற்று. ஓட்டோடு ஓடு சேர்த்து ஒட்டினால் ஒன்று உடையும்போது நாலைச் சேர்த்துப் பிய்க்க வேண்டும். காற்றுக்குப் பயம் என்றால் தாவாரத்து வரிசையையும் ஓரத்து வரிசையையும் கம்பியால் சலாகையோடு கட்டுங்கள். 2020 டிசம்பரில் புரெவி வந்தது போல ஒரு காற்று வந்தால் முதலில் பிடுங்கப்படுவது ஓரம்தான்.

## அஸ்பெஸ்டஸ் சீற் உள்ளவர்கள்

இதில் பசையின் தெரிவைவிடப் பசைக்கு முந்திய வேலைதான் ஆபத்து. எந்தப் பசைக்கும் பாசியையும் தூசியையும் அகற்ற வேண்டும். உடனே கம்பித் தூரிகையைத் தேடுவார்கள். உலர்ந்த சீற்றைத் தேய்த்தால் நார்த்தூசி பறக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் கட்டும் துணி அந்தத் தூசியைத் தடுக்காது. நனைத்து, மெதுவாக ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிடுங்கள். தேய்க்கவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். சீற்றின்மேல் நேராகக் கால் வைக்கவும் வேண்டாம், பழைய சீற் சொல்லாமல் உடையும். கீழே மரம் ஓடும் இடத்தில் பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். சின்ன வெடிப்புக்கு வெள்ளி முக பியூற்றைல் ரேப் போதும். பல இடத்தில் வெடித்த சீற்றுக்குப் பசையில் காசு போடாமல் மாற்றுவதற்குச் சேருங்கள்.

## முள்ளியவளைக்குப் பதில்

அக்கா, உங்கள் வீட்டுக்கு இப்படி. ஓட்டில் எந்தப் பசையும் வேண்டாம். விலகிய ஓடுகளைத் தள்ளி வைத்து, உடைந்த மூன்றை மாற்றுங்கள். படத்தில் தெரியும் ஒழுக்கில் பாதி அதுதான். குசினித் தகரம் சுவரைத் தொடும் இடத்தில் பழைய சாந்தைக் கொத்தி எடுத்து, காடி வெட்டி, தகடு இறக்கி, வாயில் பி.யூ. அடித்து, காய்ந்ததும் பெயின்ற். உங்கள் படத்தில் 14 அடி அளவு தெரிகிறது. 12 மில்லிமீற்றர் அகலம், 6 மில்லிமீற்றர் ஆழம் என்றால் 300 மில்லிலீற்றர் ரியூப் ஒன்று சற்றுக் காணாது, இரண்டு எடுங்கள். குளியலறைப் பிளாட்டில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே தூளும் பாலும், வெள்ளை வாளி இல்லை. தார் வாளியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வாங்கும்போது ரியூப்பில் திகதியைப் பாருங்கள். தகரக் கூரைக் கடையின் மேல்தட்டில் வெந்து கிடந்த ரியூப் திகதிக்கு முன்னமே இறுகியிருக்கும். பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தால் தெரியும்.

வேலையைப் புரட்டாதி முடிய முன் செய்யுங்கள். பனி உலர்ந்த காலை 8 மணிக்குத் தொடங்கி வெயில் ஏற முன் நிறுத்திவிட வேண்டும். சிலிக்கோனும் பி.யூ.வும் ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே இறுகும், ஆகவே மூன்று நாள் தொடவேண்டாம். ஒரு கிழமை கழித்து, ஒருவர் உள்ளே நின்று பார்க்க, மற்றவர் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓசால் தண்ணீர் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது.

ஐப்பசி மழை முந்திவிட்டால் ஈரத்தில் எதையும் அடிக்காதீர்கள். மூலையைத் தறப்பாளால் மூடி, ஓரத்தில் மண்மூட்டை வைத்துவிட்டு, தையில் வெயில் விழும்வரை ரியூப்பை வீட்டுக்குள் குளிரான இடத்தில் வையுங்கள்.